டூ, நீ, சார்

அன்புள்ள அய்யா,

இரண்டு வருடமாக வட ஐரோப்பியத் துப்பறியும் நாவல்களை விடாமல் வாசிக்கிறேன். யோ நெஸ்போவின் 'தி ஸ்னோமேன்' தற்செயலாகக் கையில் கிடைத்தது, அப்படித்தான் ஆரம்பம். பிறகு ஸ்டிக் லார்ஸன், ஹென்னிங் மான்கெல், கரின் ஃபோஸம். உங்களிடம் மூன்று கேள்விகள். இவர்களை எந்த வரிசையில் வாசிப்பது? நடுநடுவே வரும் மழை, பனி, காபி பக்கங்களைத் தாண்டிவிடுகிறேன், அது தப்பா? இவ்வளவு ரத்தமுள்ள கதைகளை ரசிக்கிறாளே என்று வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?

மான்கெலின் 'ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்' நாவலின் முதல் சில அத்தியாயங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதிப் பார்த்தேன். இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

மீனா, ஈரோடு

அன்புள்ள மீனா,

மூன்றாவது கேள்விக்குப் பதிலே தேவையில்லை. அசுவத்தாமன் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்ற இரவைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். முகம் சுளிப்பவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உங்கள் புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

வரிசை முக்கியம்தான், ஆனால் எல்லாருக்கும் அல்ல. நெஸ்போவுக்கு மிக முக்கியம். 'ரெட்பிரெஸ்ட்' (2000), 'நெமிசிஸ்' (2002), 'டெவில்ஸ் ஸ்டார்' (2003) மூன்றும் ஒரே நூலில் கோத்தவை. முதல் நாவலில் விழும் ஒரு முடிச்சு மூன்றாவதில்தான் அவிழ்கிறது. ஆங்கிலப் பதிப்பகம் 2005இல் மூன்றாவதை முதலில் வெளியிட்டது. அடுத்த வருடம் முதலாவது, 2008இல் நடு நாவல். கடையில் கிடைத்த வரிசையில் வாங்கியவர்களுக்கு முடிச்சு போடும் முன்பே அவிழ்ந்துவிட்டது. நீங்கள் தொடங்கிய 'தி ஸ்னோமேன்' ஏழாவது. 'ரெட்பிரெஸ்ட்'டுக்குப் போய்விட்டு வாருங்கள். நெஸ்போவின் துப்பறிவாளர் ஹாரியின் குடும்பப் பெயரை 'ஹோல்' என்று வாசிக்காதீர்கள், அது 'ஹூலே'. மான்கெலின் காவல் துப்பறிவாளர் வாலண்டர் வரும் நான்காவது நாவல் 'த மேன் ஹூ ஸ்மைல்ட்' 1994இல் வந்தது. ஆங்கிலத்துக்கு 2005இல்தான் வந்து சேர்ந்தது. அதில் வாலண்டர் ஏன் அப்படி உடைந்து கிடக்கிறார் என்பது அதற்கு முந்தைய நாவலில் இருக்கிறது. மாய் ஷோவால், பெர் வாலோ தம்பதி 1965 முதல் 1975 வரை எழுதிய காவல் துப்பறிவாளர் மார்ட்டின் பெக் வரும் பத்து நாவல்களை முதலிலிருந்தே வாசிக்கலாம், அவை ஒரே பெரிய நாவலாகத் திட்டமிடப்பட்டவை. ஃபோஸமை எங்கிருந்தும் தொடங்கலாம். ஆனால் ஒரே நாவல் பிரிட்டனில் 'காலிங் அவுட் ஃபார் யூ' என்றும் அமெரிக்காவில் 'தி இந்தியன் பிரைட்' என்றும் விற்கிறது. இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் வருகிறேன். தாண்டக்கூடாது, மீனா. நீங்கள் மொழிபெயர்த்த நாவலிலேயே பாருங்கள். லுன்னார்ப் என்ற குக்கிராமத்தில் ஒரு கிழவரும் அவர் மனைவியும் தாக்கப்பட்டிருக்கிறார்கள். ஜனவரிக் குளிர், விடியாத நேரம், பண்ணைவீடு, லாயம், குதிரை. அந்தக் குதிரைக்கு யாரோ தீவனம் வைத்திருக்கிறார்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் அந்தச் செய்தியே இல்லை! பண்ணை வருணனை என்று நினைத்துத் தள்ளிவிட்டீர்கள் போலிருக்கிறது. இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு ஒருவன் நின்று குதிரைக்கு வைக்கோல் போடுகிறான் என்றால் அவன் யார்? வாலண்டரை விடாமல் அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி அது. அதை நீங்கள் வாசகரிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

சரி, அதைத் திருத்திவிடலாம், ஒரு வரிதான். உங்கள் பக்கங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. 'சார்' என்ற சொல். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு இடங்களில் வருகிறது. சக காவலர் மார்ட்டின்சன் வாலண்டரிடம் "சார், நீங்க சொன்னபடி விசாரிச்சேன்" என்கிறார். வாலண்டர் அவரிடம் "நீ போய்ப் பாரு" என்கிறார். சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர் "அய்யா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்கிறார். இது வாலண்டர் வேலை பார்க்கும் சுவீடன் ஊரான ஈஸ்டாட்டின் காவல் நிலையம் அல்ல. ஈரோட்டுக் காவல் நிலையம்.

ஆங்கிலத்தில் எல்லாம் 'யூ'. அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. சுவீடிஷில் நம்மைப்போலவே ஒருமையும் மரியாதைப் பன்மையும் உண்டு. ஒருமை 'டூ'. பன்மையின் உச்சரிப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள், 'நீ'. நம் 'நீ'க்கு நேரெதிர். ஆனால் அந்த மரியாதைப் பன்மைகூட அங்கே மரியாதையாக நிலைக்கவில்லை. பட்டம், பதவி எதுவும் இல்லாதவர்களை மேலே இருப்பவர்கள் அப்படி அழைத்ததால் அதில் ஒரு இளக்காரம் ஏறிவிட்டது. எனவே நாகரிகமானவர்கள் முன்னிலையையே தவிர்த்தார்கள். எதிரே நிற்பவரிடமே "இன்ஸ்பெக்டர் காபி குடிப்பாரா?" என்று படர்க்கையில் கேட்டார்கள். பதவி தெரியாவிட்டால் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டு, "காபி தேவைப்படுகிறதா?" என்றார்கள். நமக்கு இது புதிதா? புது மருமகள் மாமனாரிடம் எந்தப் பெயரும் எழுவாயும் இல்லாமல் "காபி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்பதைக் கேட்டதே இல்லையா நீங்கள்?

இது 1960களின் இறுதியில் உடைந்தது. 1967இல் சுவீடன் மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்ஸேட், ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, அவர் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. சில வருடங்களில் மாணவர் ஆசிரியரையும், நோயாளி மருத்துவரையும், குற்றம் சாட்டப்பட்டவர் காவலரையும் 'டூ' என்று அழைக்கும் நாடாகிவிட்டது. அரச குடும்பம் மட்டும் விலக்கு. மார்ட்டின் பெக் வரிசையின் முதல் இரண்டு நாவல்கள் இந்த அறிவிப்புக்கு முந்தையவை, மிச்சமெல்லாம் உடைந்துகொண்டிருந்த காலத்தவை. வாலண்டர் கதைகள் 1991இல் தொடங்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. தமிழில் செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது நாவல் நடக்கும் வருடம்.

இது ஏதோ இலக்கண நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நாவல்களில் நீங்கள் 'மனவியல் திகில்' என்று எதை ரசிக்கிறீர்களோ, அது முழுக்க விசாரணை அறையில் இருக்கிறது. ஒரு மேஜை, இரண்டு காபிக் கோப்பை, பதிவு செய்யும் கருவி. அடி இல்லை, அதட்டல் அதிகம் இல்லை. ஒருவரையொருவர் ஒரே சொல்லால் அழைத்துக்கொள்ளும் இரண்டு பேர் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார். எதிரே இருப்பவர் தனக்குச் சமமாக உட்கார்ந்திருப்பதால்தான் பொய் சொல்பவருக்கு மூச்சு முட்டுகிறது, அவர் வாயைத் திறப்பதும் அதனால்தான். இதே காட்சியில் காவலர் 'நீ' என்றும் கைதி 'சார்' என்றும் பேசினால், அடுத்த வரியில் லத்தி வரப்போகிறது என்று தமிழ் வாசகர் எதிர்பார்ப்பார். நம் காதுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. லத்தி வராது. அவர் "என்ன சப்பென்று இருக்கிறதே" என்று புத்தகத்தை மூடுவார். குற்றம் மான்கெலுடையது அல்ல, 'சார்' என்ற சொல்லுடையது. நீங்கள் தாண்டிப் போன காபிப் பக்கங்கள் ஏன் வெறும் காபிப் பக்கங்கள் அல்ல என்று இப்போது புரிகிறதா?

அப்படியானால் 'டூ'வை 'நீ' என்று போட்டுவிடலாமா? அகராதி ஆமாம் என்னும், நம்பாதீர்கள். வாலண்டரின் மூத்த சகா ரீட்பெரிக்கு வயது அதிகம், வாதநோய் வேறு. அவரை வாலண்டர் "நீ வா" என்றால் தமிழில் அது மரியாதைக் குறைவு. 'டூ'வில் அந்தக் குறைவே கிடையாது. நீங்கள் காப்பாற்ற வேண்டியது சொல்லை அல்ல, இரு பக்கமும் ஒரே எடை என்பதை. நாவலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் பாத்திரங்களை எழுதுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், எத்தனை வருடப் பழக்கம் என்று இருவர் இருவராகக் கோடு போடுங்கள். பழகிய சகாக்கள் இருவரும் ஒருவரையொருவர் 'நீ' என்கட்டும். வயது வித்தியாசம் உள்ளவர்கள், புதியவர்கள், விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் இருவருமே 'நீங்கள்' என்கட்டும். எந்தக் கோட்டிலும் ஒரு முனையில் 'நீ', மறுமுனையில் 'நீங்கள்' வரக்கூடாது. பதவிப்பெயரை எடுத்துவிட்டு முதற்பெயரைப் போடுங்கள். "குர்ட், இதைப் பார்த்தீர்களா?" என்று வாலண்டரிடம் கேட்பது விநோதமாக இருக்கும். நாலு பக்கம் தாண்டினால் பழகிவிடும். ஒரு கிழவர் மட்டும் பழைய பழக்கத்தில் பதவிப்பெயர் சொன்னால், அதை அப்படியே விடுங்கள். அவர் வயது அதில் தெரியும்.

நீங்கள் என்னை 'அய்யா' என்று எழுதுகிறீர்கள். நான் உங்களை 'மீனா' என்கிறேன். இதைத் தலைகீழாக்க நம் மொழியில் இன்றைக்கு வழியில்லை. அதனால்தான் அந்த விநோதம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இத்தனை பிடிவாதமாகச் சொல்கிறேன். ஒரு தேசமே முடிவு செய்து ஏறி இறங்கிய படி அது. அதை நமக்கு வசதியாகச் சமன் செய்துவிட்டால் வேறென்னதான் மொழிபெயர்க்கிறோம்?

ஐஸ்லாந்துக்காரர்களிடம் இந்தச் சிக்கல் வேறு விதம். துப்பறியும் நாவலாசிரியர் அர்னால்டுர் இந்திரிதாசன் என்பதில் இந்திரிதாசன் குடும்பப் பெயர் அல்ல, 'இந்திரிதியின் மகன்' என்று பொருள். நம் தலைப்பெழுத்து மாதிரிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. அங்கே தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதுவே முதற்பெயர் வரிசையில்தான் இருந்தது. தமிழில் "இந்திரிதாசன் எழுதிய நாவல்" என்று எழுதுகிறார்கள், அது அவரை அப்பா பெயரால் கூப்பிடுவது. அர்னால்டுர் என்று எழுதுங்கள். ஐரோப்பியர்கள் தடுமாறும் இடத்தில் தமிழர்கள் தடுமாற ஒரு காரணமும் இல்லை.

ஃபோஸமின் அந்த இந்திய மணமகள் கதையை அவசியம் வாசியுங்கள். விவசாய இயந்திரம் விற்கும் குண்டர் என்ற நடுவயதுக்காரர் மும்பைக்குப் போய் பூனா என்ற பெண்ணை மணக்கிறார். அவள் நார்வேயில் வந்து இறங்கும் நாளில் அவருடைய சகோதரி கார் விபத்தில் சிக்குகிறாள். விமான நிலையத்துக்கு அவரால் போக முடியவில்லை. மனைவி கிராமத்தருகே புல்வெளியில் பிணமாகக் கிடைக்கிறாள். ஆய்வாளர் சேயர் அந்தச் சின்ன ஊரில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறார். யாரையும் மிரட்டுவதில்லை. ஊர் தானாக வியர்க்கத் தொடங்குகிறது. சேயருடைய நாயின் பெயர் கோல்பெரி. மார்ட்டின் பெக்கின் சகா பெயர் அது, ஃபோஸம் செலுத்தும் நன்றி.

உங்கள் பக்கங்களில் இன்னும் ஒரே ஓர் இடம். சாகும் தறுவாயில் அந்தக் கிழவி சொல்லும் ஒற்றைச் சொல். அதை நீங்கள் 'வெளிநாட்டுக்காரங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். மூலத்தில் அது வெறும் பெயரடை, யாரைக் குறிக்கிறது, எதைக் குறிக்கிறது என்று அதில் இல்லை. அந்தத் தெளிவின்மையில்தான் முழு நாவலும் நிற்கிறது. செய்தி வெளியே கசிந்து, அகதி முகாம்மீது வெறுப்பு பாய்ந்து, ஓர் அப்பாவி உயிர்போவதும் அந்த அரைச்சொல்லால்தான். தமிழில் விகுதி சேர்த்தவுடன் நீங்கள் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறீர்கள். 'வெளிநாட்டு...' என்று அறுத்து நிறுத்துங்கள். உயிர் போகிறவளின் மூச்சும் அங்கேதான் அறும்.

குதிரை கனைக்காததைக் கவனித்துப் பக்கத்து வீட்டுக் கிழவர் இருட்டில் எழுந்து உட்காரும் பகுதி நன்றாக வந்திருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள். மற்றதைத் திருத்தி, வைக்கோலையும் சேர்த்து, அடுத்த அத்தியாயத்தோடு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.