மங்கோலிய வேட்டை நாய்களின் வரலாறு என்ன?

மங்கோலிய வேட்டை நாய் என்பது ஒரே இனத்தின் பெயரல்ல. முயல், நரி, மான் போன்றவற்றைத் துரத்தவும் மடக்கவும் மங்கோலியர் பழக்கிய நாய்களின் பொதுப்பெயர். அவற்றை உருவாக்கியது நிலம்தான். புல்வெளியில் ஒளிய இடமில்லை. இரை தூரத்திலேயே மனிதனைக் கண்டு ஓடிவிடும். அதனால் கூர்ந்த பார்வையும் வேகமும் உள்ள நாய் தேவைப்பட்டது.

அரசர்களின் வேட்டை வேறு மாதிரி. பல மைல் அகல வளையமாக வீரர்கள் நின்று, அதை நாள்கணக்கில் சுருக்கிக்கொண்டே வருவார்கள். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: அவசரமில்லாமல் இழுக்க இழுக்க மீன்கள் நடுவில் சேரும். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அவைக்குச் சென்ற வெனிஸ் பயணி மார்கோ போலோ சொல்வது இது: பயான், மிங்கன் என்ற சகோதரர்கள் அரச வேட்டை நாய்களைப் பராமரித்தார்கள். ஒருவரிடம் 10,000 பேர் சிவப்பு உடையில், மற்றவரிடம் 10,000 பேர் நீல உடையில். கானின் இருபுறமும் நாய்களோடு அணிவகுப்பார்களாம். வேட்டை மங்கோலியருக்குப் போர்ப் பயிற்சியும்கூட என்பதால் இந்த ஏற்பாடு எனக்கு வியப்பளிக்கவில்லை.

படங்களில் பலர் வேட்டை நாய் என்று காட்டும் 'பன்கர்', கண்களுக்கு மேல் இரு பழுப்புப் புள்ளிகளோடு அடர்ந்த கறுப்பு முடி கொண்டது, உண்மையில் ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கும் காவல் நாய்.