குறைப்பிரசவமும் நஞ்சுக்கொடியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 33-வது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி ‘கிரேடு 3’ என்று வந்திருக்கிறது. சீக்கிரமே முற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். குறைப்பிரசவம் ஆகிவிடுமா?

அந்த ஒரு வரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கிரேடு என்பது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவின் கணக்கு. புகைபிடிப்பவர்களிடமும் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும் சற்று முன்னதாகவே தென்படும். குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீர், தொப்புள்கொடி டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) மூன்றும் சரி என்றால் கிரேடை மறந்துவிடுங்கள்.

கேள்வி: பெத்தாலஜி ரிப்போர்ட்டில் ‘அக்யூட் கோரியோஅம்னியோனைட்டிஸ்’ என்று போட்டிருக்கிறது. எனக்குக் காய்ச்சலே வரவில்லை. சுத்தக் குறைவால் வந்ததா?

குழந்தையைச் சூழ்ந்த சவ்வில் ஏற்படும் அழற்சிக்குத்தான் அந்தப் பெயர். எத்தனையாவது வாரம் பிரசவம் என்று எழுதவே இல்லை. வாரம் இல்லாத கேள்விக்குப் பாதி பதில்தான் கிடைக்கும். நிறைமாதத்தில், வலி வெகுநேரம் இழுத்தாலே சவ்வில் லேசான அழற்சி தெரியும்; அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. 27, 28 வாரம் என்றால் குறைப்பிரசவத்துக்குக் காரணமாக முதல் சந்தேகமே அந்த அழற்சியின்மேல்தான். யூரியாபிளாஸ்மா போன்ற கிருமிகள் பிறப்புறுப்பில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருப்பவை. அவை மேலேறிச் சவ்வைத் தொட்டதும் வெள்ளணுக்கள் திரளும், கருப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கும், சவ்வு நைந்துபோகும். பிறகு பனிக்குடம் உடையும் அல்லது வலி தொடங்கும். காய்ச்சல் இல்லாமல் நடப்பதுதான் அதிகம். சுத்தத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவுவதுதான் கெடுதல். அதே ரிப்போர்ட்டில் ‘ஃபியூனிசைட்டிஸ்’ (தொப்புள்கொடியின் அழற்சி) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குழந்தையின் உடலும் அழற்சிக்கு எதிர்வினை காட்டியிருக்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டைக் குழந்தை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

கேள்வி: 31 வாரத்தில் பிரசவம். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் நார்மல். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். இனி என்ன பரிசோதனை செய்யலாம்?

நஞ்சுக்கொடி எங்கே? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இப்படி வரும் கடிதங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏழெட்டு மாதம் குழந்தைக்கு நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் இருந்த உறுப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, தாயின் கைநரம்பில் இருபது குழாய் ரத்தம் எடுப்பதில் என்ன நியாயம்? பார்க்காமல் விட்டதற்கும் பார்த்தும் தெரியாமல் போனதற்கும் ஒரே வாசகத்தை எழுதுகிறார்கள். முழுதாகப் பார்த்தும் விடை கிடைக்காத பிரசவங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பார்த்த பிறகுதான் அந்த வாசகத்தை எழுத வேண்டும்.

32-34 வாரத்துக்கு முன் பிறந்தால் நஞ்சுக்கொடியைப் பெத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லித்தான் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. அனுப்பும் முறையிலும் கோட்டை விடுகிறார்கள். கிருமி வளர்ப்புக்கான ஸ்வாப், மரபணுச் சோதனைக்கான துண்டு இரண்டையும் முதலில் எடுக்க வேண்டும். திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் அதற்குப் பிறகுதான். ஃபார்மலினில் போட்ட பிறகு கல்ச்சர் கேட்டுப் பயனில்லை. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அனுப்பாமல், சவ்வும் கொடியும் சேர்த்து முழுதாக அனுப்ப வேண்டும். பின்புறம் ஒட்டியிருக்கும் ரத்தக்கட்டியைக் கழுவித் தள்ளக்கூடாது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்ததற்கு அதுவே தடயம். சிறிய டப்பாவில் திணித்தால் ஃபார்மலின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது.

கூடவே அனுப்பும் படிவத்தில் வாரம், குழந்தையின் எடை, பனிக்குடம் உடைந்த நேரம், காய்ச்சல், ரத்த அழுத்தம் ஐந்தும் வேண்டும். நஞ்சுக்கொடியின் எடையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சவ்வும் கொடியும் நீக்கி 220 கிராம் என்றால் 28 வாரத்துக்குச் சரியான அளவு, 36 வாரத்துக்கு மிகச் சிறியது. வாரம் தெரியாமல் பெத்தாலஜிஸ்ட் எதை எழுதுவார்? ஆம்ஸ்டர்டாமில் 2014-ல் நிபுணர்கள் கூடி வகுத்த முறைப்படி குறைந்தது நான்கு பிளாக் (நுண்ணோக்கிக்காக மெழுகில் பதிக்கும் திசுக் கட்டி) எடுக்க வேண்டும்: சவ்வுச் சுருளும் கொடியின் இரண்டு குறுக்குவெட்டும் ஒன்றில், முழுத் தடிமனில் திசு மூன்றில். ‘நஞ்சுக்கொடி, நார்மல்’ என்று ஒரே வரியில் ரிப்போர்ட் வந்தால் எத்தனை பிளாக் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் நஞ்சுக்கொடி போய்விட்டது என்றால் அந்தக் கதவு மூடிவிட்டது. அடுத்த கர்ப்பத்தில் கருப்பைவாய் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள், 25 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் புரோஜெஸ்டிரோன் பற்றிப் பேசலாம். இந்த முறை நஞ்சுக்கொடியை அனுப்பச் சொல்லி கேஸ் ஷீட்டிலேயே முன்கூட்டி எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கடைசிவரை பிரஷர் நார்மல், 32 வாரத்தில் தானாக வலி வந்து பிரசவம். ரிப்போர்ட்டில் ‘மேட்டர்னல் வாஸ்குலர் மால்பெர்ஃப்யூஷன்’. பிரஷர் இல்லாமல் இது எப்படி?

தாயின் பக்கத்திலிருந்து நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் பாயவில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பிரஷர் இல்லாமலும் தாராளமாக வரும். முதல் இருபது வாரங்களுக்குள் கருப்பையின் சுருள் தமனிகள் தசைச்சுவரை இழந்து அகல வேண்டும். அகலாவிட்டால் ரத்தம் குறுகிய வாய் வழியே வேகமாகப் பாய்ந்து திசுவைச் சிதைக்கும். சில இடங்கள் ரத்தமின்றிச் செத்துப்போகும். இதன் விளைவு சிலருக்குப் பிரஷர், சிலருக்குச் சிறிய குழந்தை, சிலருக்குக் குறைப்பிரசவம். உள்ளே சிறு கசிவு ஏற்பட்டாலும் அங்கே உருவாகும் திராம்பின் (ரத்தத்தை உறைய வைக்கும் நொதி) கருப்பையைச் சுருங்க வைக்கும். அடுத்த முறை 12-16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் (75 முதல் 150 மி.கி.) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: அடுத்த கர்ப்பத்தில் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். ‘ஆரக்கிள்’ ஆய்வில், பனிக்குடம் உடையாமல் முன்கூட்டி வலி வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. ஏழு வயதில் அந்தக் குழந்தைகளிடம் மூளைவாதம் சற்று அதிகமாகவே இருந்தது. பனிக்குடம் உடைந்த பிறகு கொடுப்பது வேறு கணக்கு.

கேள்வி: ரிப்போர்ட்டில் ‘வில்லோ’ என்று தொடங்கி ஏதோ அழற்சி என்றார்கள். திரும்ப வருமா?

‘ஏதோ’வுக்குப் பதில் சொல்ல முடியாது. வில்லைட்டிஸ் (நஞ்சுக்கொடியின் விரல் போன்ற இழைகளில் அழற்சி) வேறு, கிரானிக் இண்டர்வில்லோசைட்டிஸ் (அந்த இழைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் அழற்சி) வேறு. முந்தையது சிலருக்கு மட்டுமே திரும்பும். பிந்தையது அரிது, வந்தால் அடுத்த கர்ப்பத்திலும் தலைகாட்டும் வாய்ப்பு மிக அதிகம், தொடக்கத்திலிருந்தே நெருக்கமான கண்காணிப்பு வேண்டும். ரிப்போர்ட்டின் முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள், வாரத்தையும் எழுதி.

கேள்வி: நஞ்சுக்கொடியை வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். இப்போது பரிசோதிக்க முடியுமா?

உறைந்தால் செல்கள் உடைந்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மரபணுச் சோதனைக்கு மட்டும் உதவலாம், லேபில் கேட்டுப் பாருங்கள். ஃபார்மலின் கைவசம் இல்லாதபோது 4 டிகிரியில் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் சில நாட்கள் தாங்கியிருக்கும்.