அறிவியல் நாவல படமாக்குறதுல பெரிய சிக்கல் காசா?

தமிழ் அறிவியல் நாவல் ஒன்ன குறும்படமா எடுக்கணும்னு ஆசை, கையில காசு இல்ல, கிராஃபிக்ஸ் இல்லாம முடியுமா, இதுல உண்மையான சிக்கல் என்னன்னு கேட்டிருக்கீங்க. காசு இல்ல அதனால முடியாதோன்னு மொத வரியிலேயே பாதி முடிவு பண்ணிட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் இத எழுத உக்காந்தேன்.

நீங்க அநேகமா காலேஜ்ல படிக்கிறவங்களா இருப்பீங்க. இரவல் கேமரா, ஒரு நாவல் மேல பைத்தியம், ரோபோவுக்கு எங்கடா போவன்னு கேக்குற கூட்டாளிங்க. சரியா?

நான் மலேசியாவுல பகாவ் பக்கம். சுத்தி செம்பனை, அதான் பாமாயில் மரம், நடுவுல டவுனு. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழான்னு வீடியோ எடுக்குறதுதான் தொழில். கல்யாண வீடியோக்காரனுக்கு சயின்ஸ் பிக்‌ஷன் பத்தி என்ன தெரியும்னு கமெண்ட்ல வர்றவங்க தாராளமா வாங்க, ஆனா முழுசா படிச்சிட்டு வாங்க.

காசுதான் சிக்கல்னா 1984ல வந்த டியூன் படம் ஜெயிச்சிருக்கணும். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965ல எழுதுன நாவல், டேவிட் லிஞ்ச் எடுத்தாரு, ஏறக்குறைய 4 கோடி டாலர் செலவு. அந்த நாவல்ல ஒவ்வொருத்தனும் வாயில ஒண்ணு பேசுவான், மனசுல வேறொண்ணு நெனைப்பான், அத சாய்வெழுத்துல போட்டிருப்பாங்க, நாவலோட உயிரே அதுலதான் இருக்கு. படத்துல அந்த நெனைப்ப எல்லாம் கிசுகிசு குரலா ஓட விட்டாங்க. ஆள் சும்மா நிக்கிறான், குரல் மட்டும் பேசிக்கிட்டே இருக்கு. சில தியேட்டர்ல படம் பாக்க வந்தவங்களுக்கு வார்த்தைக்கு அர்த்தம் அச்சடிச்ச தாள் குடுத்தாங்க, அப்படியும் போணியாகல. அப்புறம் 2021ல டெனி வில்லனூவ் எடுத்தப்ப கதைய பாதியில நிறுத்தி மிச்சத்த 2024க்கு தள்ளி வச்சாரு, மனசுக்குள்ள பேசுறத பெரும்பாலும் தூக்கிட்டாரு, அம்மாவும் மகனும் கையாலேயே சைகை பேசிக்குவாங்க. காசு ரெண்டு பேருகிட்டயும் இருந்துச்சு. நெனைப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறதுங்குறதுலதான் ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க.

இத நான் சும்மா படம் பாத்துட்டு சொல்லல, பட்டுட்டு சொல்றேன். எங்க பக்கத்துத் தோட்டத்துல கிராணியா, அதான் ஆபீஸ் கணக்கரா இருந்து ரிட்டையர் ஆனவரு ஒருத்தரு இருக்காரு, ஐயான்னுதான் கூப்புடுவோம். சொந்தக் காசுல ஒரு குறுநாவல் அச்சடிச்சு கோயில் திருவிழாவுல வித்தாரு. வருங்காலத்துல ஒரு செம்பனைத் தோட்டம். கதை சொல்றவன் குலை வெட்டுற ஆளு. வெடியறதுக்கு முந்தி பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கெடுக்குற எடத்துக்குப் போறான், வேலை வாங்குற மண்டோர் பேர் படிக்கிறாரு, வெட்டுறான், மத்தியானம் மக தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்து வைக்கிறா, செத்துப்போன பொண்டாட்டிய நெனைச்சுக்கிறான். இப்படியே நான் நான்னு சொல்லிக்கிட்டு வந்து கடைசிப் பக்கத்துலதான் நமக்குத் தெரியும், அவன் மனுசனே இல்ல, எப்பவோ செத்துப்போன தொழிலாளியோட ஞாபகத்த ஏத்தி வச்ச மிஷினு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. எடுத்தா இதத்தான் எடுக்கணும்னு அன்னைக்கே நெனைச்சேன்.

எடுக்கலாம்னு உக்காந்தாதான் தெரியுது. ஐயா பேப்பர்ல நான்னு ஒரு சொல்லப் போட்டு அந்த மிஷின பூரா கதைக்கும் ஒளிச்சு வச்சுட்டாரு. கேமராவால நான்னு சொல்ல முடியாது. யாரையாவது காட்டியே ஆகணும். மனுசன நடிக்க விட்டா கடைசில அவன் மிஷின்னு சொல்றது பாக்குறவன ஏமாத்துன மாதிரி ஆயிடும். மிஷினையே காட்டுனா மொத நிமிசத்துலேயே கதை முடிஞ்சிடும். கேமராவையே அவன் கண்ணா வச்சு முழுசா எடுக்கலாம்னு ஒரு தம்பி சொன்னான், 1947லேயே ஹாலிவுட்ல லேடி இன் த லேக்னு ஒரு துப்பறியும் நாவல அப்படித்தான் எடுத்துப் பாத்தாங்க, ஹீரோ மூஞ்சி பெரும்பாலும் கண்ணாடியில மட்டும்தான் தெரியும், கொஞ்ச நேரத்துலேயே அலுத்துப் போயிடும். இங்கதான் கிராஃபிக்ஸுக்கு கொட்டிக் குடுத்தாலும் ஒண்ணும் ஆகாது.

வழி எங்க கெடைச்சுதுன்னா அரைவல் படத்துல. (பாக்காதவங்க இந்தப் பத்திய தாண்டிப் போயிடுங்க.) டெட் சியாங் 1998ல எழுதுன கதை, 2016ல படமாச்சு. கதையில அம்மா மகளப் பாத்து நீ இப்படிச் செய்வ, நீ அப்படி வளருவன்னு நடக்கப்போறத நடந்து முடிஞ்சது மாதிரி பேசுவா, எல்லாமே வாக்கியத்துல இருக்குற வித்தை. ஒளி ஏன் குறிப்பிட்ட பாதையில போகுதுங்குற ஃபெர்மா விதிய வச்சு பக்கம் பக்கமா விளக்கமும் உண்டு. படத்துல அந்த விளக்கம் வரல. அதுக்குப் பதிலா மகள் வர்ற காட்சிய படம் ஆரம்பிச்ச ஒடனே போட்டாங்க. நாமதான் சின்ன வயசுலேர்ந்து பிளாஷ்பேக் பாத்தே பழகுனவங்களாச்சே, நடந்து முடிஞ்சதுன்னு நாமளே நெனைச்சுக்குறோம். கடைசிலதான் தெரியும் அதெல்லாம் இனிமே நடக்கப் போறது. எழுத்து ஒளிச்சு வச்ச எடத்துல சினிமாவால ஒளிக்க முடியாது, ஆனா ஒளிக்கறதுக்கு சினிமாவுக்குன்னே வேற எடம் இருக்கு. உங்க நாவலுக்கு அந்த எடம் எதுன்னு தேடுங்க, உங்க கேள்விக்கு நான் சொல்ற பதிலே இதான்.

நாங்க கதைய மகளுக்கு மாத்திட்டோம். மத்தியான வெயில்ல பொண்ணு வருது, வெட்டிப்போட்ட மட்டை அடுக்குக்குப் பக்கத்துல தூக்குச்சட்டிய வச்சுட்டுப் போகுது. அப்பாவ காட்டவே மாட்டோம், மரத்துக்கு அந்தாண்ட குலை விழுற சத்தம் மட்டும் கேக்கும். சாயங்காலம் அதே சட்டிய எடுக்க வருது, தூக்கும்போதே கை கொஞ்சம் தாழுது, கனம் கொறையல. மூடியத் தொறக்குது, சோறு வச்சபடி இருக்கு, ஓரத்துல எறும்பு. எறும்ப ஊதித் தள்ளிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் கோழிக்குப் போடுது. மறுநாளும் புதுசா சோறு வடிக்குது. அந்தச் சட்டியில நெசமாவே சோறும் நெத்திலி சம்பலும் நெறைய வச்சுத்தான் குடுத்தோம், வெறுஞ்சட்டிய குடுத்து கனமா தூக்குற மாதிரி நடிம்மான்னா கை காட்டிக் குடுத்துடும். இன்னொண்ணு அந்தச் சத்தம். குலை விழுறதுக்கும் அடுத்த குலை விழுறதுக்கும் நடுவுல ஒரே அளவு இடைவெளி விட்டு எடிட்ல வரிசையா வச்சேன். மனுசன் வெட்டுனா அந்த அளவு வராது, அண்ணாந்து பாப்பான், வேர்வைய தொடைப்பான், மரம் மாறுவான். படம் பாத்த தோட்டத்து அம்மா ஒருத்தங்க பாதியிலேயே “என்னப்பா சத்தம் ஒரே மாதிரி விழுது”ன்னு கேட்டாங்க. இதுக்கு ஆன செலவு சோறும் சம்பலும்தான்.

ஐயாவுக்கு இன்னைக்கும் கோவம் தீரல. “என் கடைசி வரி எங்க தம்பி?”ன்னு டீ குடிக்கிற ஒட்டுக்கடையில பாக்குறப்பல்லாம் கேப்பாரு. மரியாதையா கேட்டுக்குவேன், ஆனா செஞ்சது சரின்னுதான் இப்பவும் சொல்லுவேன். எழுதுனவங்களுக்குப் புடிக்காமப் போறது புதுசு இல்ல, சோலாரிஸ் நாவல் எழுதுன லெம்முக்கு 1972ல டார்கோவ்ஸ்கி எடுத்த படம் சுத்தமா புடிக்கல, படம் எடுக்குறதுக்கு முந்தியே ரெண்டு பேருக்கும் சண்டை.

அதே டார்கோவ்ஸ்கியோட ஸ்டாக்கர் (1979) கண்டிப்பா பாருங்க. அதுக்கு மூலமான ஸ்த்ருகாட்ஸ்கி அண்ணன் தம்பி நாவல்ல வேத்துக்கிரகத்துக்காரன் விட்டுட்டுப் போன அதிசய சாமான் பக்கத்துக்குப் பக்கம் வரும். படத்துக்கு திரைக்கதை எழுதுனதும் அவங்களேதான், ஆனா அந்தச் சாமான்ல கிட்டத்தட்ட எதுவுமே படத்துல கெடையாது. புல்வெளி, இடிஞ்ச கட்டடம், தண்ணி, மூணு ஆளு. துணி கட்டுன இரும்பு நட்ட தூக்கிப் போட்டுப் பாத்துத்தான் அடுத்த அடி வைப்பாங்க, அந்த நட்டு விழுற எடத்தப் பாத்து நமக்கு பயம் வருது. எங்க ஊர்ல தொழிலாளிங்க இருந்து இப்ப காலியாக் கெடக்குற லயத்து வீடுங்க, பூட்டிக் கெடக்குற ரப்பர் பால் ஸ்டோரு, புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற ஆயாக்கொட்டாய் இப்ப மூடிக் கெடக்குறது இதெல்லாம் அதுக்கு எந்த விதத்துல கொறைச்சல்?

இத ஒரு தொலைக்காட்சிக்காரங்ககிட்ட சொல்லப்போயிதான் வயிறெரிஞ்சு வந்தேன். கதைய முழுசா கேட்டுட்டு, தோட்டத்துல மிஷினா, யாரு நம்புவா, கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, ஒரு கண்டோ அடுக்குமாடியில நடக்குறாப்ல மாத்தி ஒரு லவ் வைங்கன்னாங்க. இங்க ட்ரோன் விட்டு மருந்து அடிக்கிறான், மோட்டர் மாட்டுன அரிவாள்ல குலை வெட்டுறான், ஆள் கெடைக்கலன்னு மிஷினுக்கு அலையிறான், இத தெனம் பாக்குறவன் நாங்க. தோட்டம்னா இவங்களுக்கு சாராயம், கும்பல் சண்டை, தாலிய அடகு வைக்கிறவன், அவ்வளவுதான். எங்க அப்பா அம்மா கித்தா, அதான் ரப்பர் மரத்துல நெத்தி விளக்கு கட்டிக்கிட்டு இருட்டுல பால் வெட்டி என்னைய படிக்க வச்சவங்க, அவங்க பேரப்புள்ளைங்க இப்ப டிவியில தோட்டத்துக்காரன்னா ரவுடின்னு பாக்குதுங்க. கேள்விக்கு இது சம்பந்தமில்லன்னு தெரியும், ஆனாலும் சொல்லாம இருக்க முடியல.

காசே வேணாம்னு நான் சொன்னேன்னு திரிக்காதீங்க. விண்வெளிப் போர் இருக்குற நாவல்னா காசு வேணும்தான். அதுல கூட 1968ல 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்துல குப்ரிக் என்ன செஞ்சாரு? கிளார்க் நாவல்ல கப்பல் சனி வரைக்கும் போகும், சனியோட வளையம் நம்புற மாதிரி வரலன்னு படத்துல வியாழனோட நிறுத்திட்டாரு. எது உங்க கைக்கு எட்டாதோ அத அரைகொறையா காட்டாதீங்க, கதையவே அந்தப் பக்கம் போகாம திருப்புங்க.

எந்த நாவல்னு நீங்க சொல்லல. சுஜாதாவோட என் இனிய இயந்திரா மாதிரி ஒண்ணுன்னா இன்னொரு வேலை இருக்கு. எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர்தான்னு அவரு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுவாரு, நமக்கு அந்த உலகமே தெரிஞ்சிடும். படத்துல அத ஒருத்தன் இன்னொருத்தனுக்கு விளக்குனா செத்துடும், ரெண்டு பேருக்கும்தான் அது ஏற்கனவே தெரியுமே. பேர் பதியிற கவுண்டர், பள்ளிக்கூடத்து வருகைப் பலகைன்னு எங்கயாவது கண்ணுல படுற மாதிரி வச்சுட்டுப் போங்க.

அப்புறம் உரிமை. யூடியூப்ல சும்மாதானே போடுறோம்னு இருந்துடாதீங்க. எழுதுனவர் காலமாகி இந்தியாவுல 60 வருசம், மலேசியாவுல 50 வருசம் வரைக்கும் உரிமை இருக்கு, சுஜாதா தவறுனது 2008ல. குடும்பத்துக்கிட்டயோ பதிப்பாளர்கிட்டயோ எழுத்துல கேட்டு வாங்குங்க, முடிவ மாத்துறதுக்கும் சேத்து அதுலேயே கேட்டுடுங்க. ஐயாகிட்ட நான் அப்படித்தான் கையெழுத்து வாங்குனேன், அவரு கோவமா இருந்தாலும் படம் வெளிய வந்ததுக்கு அந்தத் தாள்தான் காரணம்.