நியூயார்க்கில் பல இன மக்கள் வாழும் பகுதிகளைப் பார்க்க எந்த டூர் எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: "அம்மா அப்பாவுடன் நியூயார்க் வருகிறோம். மன்ஹாட்டனை விட்டு வெளியே போய் ப்ராங்க்ஸ், குயின்ஸ், புரூக்ளின் மூன்றையும் ஒரே மூச்சில் காட்டும் பஸ் டூர் இருக்கிறதாமே, எடுக்கலாமா?"

மூன்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். குயின்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஜாக்சன் ஹைட்ஸ், ஃப்ளஷிங் என்ற இரண்டு பகுதிகளை மட்டும், அங்கே வசிக்கிற அல்லது அங்கே வளர்ந்த ஒரு வழிகாட்டியோடு நடந்து பாருங்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்.

பஸ் டூரில் என்ன நடக்கிறது என்றால், நாலைந்து மணி நேரத்தில் கணிசமான பகுதி எக்ஸ்பிரஸ்வேயிலும் சிக்னலிலும் போய்விடும். யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தின் வாசலில் ஒரு போட்டோ, சுவர் ஓவியத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் ஹசிடிக் என்ற தீவிர மரபுவழி யூதர்களைப் பஸ் கண்ணாடி வழியாகப் பார்ப்பது, அவ்வளவுதான். அங்கே வாழ்கிற ஒருவரிடமாவது பேசியிருக்க மாட்டீர்கள், ஒரு கடையிலாவது எதையாவது வாங்கியிருக்க மாட்டீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மனிதர்களை வேடிக்கை பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருக்கும். 2013-இல் ப்ராங்க்ஸில் ஒரு டூர் நிறுவனம், தேவாலயத்தில் இலவச உணவுக்கு வரிசையில் நின்றவர்களைக்கூடக் காட்சிப்பொருளாக்கியது. அந்தப் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் கடுமையாகக் கண்டித்த பிறகு அதை நிறுத்தினார்கள். மன்ஹாட்டனில் கறுப்பின மக்களின் பகுதியாகப் பெயர்பெற்ற ஹார்லெமில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் காஸ்பல் என்ற பக்திப் பாட்டுக் கேட்கக் கூட்டமாக அழைத்துப் போவதிலும் இதே சிக்கல் உண்டு. அது ஆராதனை, கச்சேரி இல்லை. போவதானால் முழு நேரமும் உட்கார்ந்திருங்கள், போனை எடுக்காதீர்கள்.

சரி, குயின்ஸுக்கு வருவோம். மன்ஹாட்டனிலிருந்து 7-ஆம் எண் ரயில். குயின்ஸில் அதன் பாதை பெரும்பாலும் தெருவுக்கு மேலே தூண்களில் போகிறது. 74-ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் ஜாக்சன் ஹைட்ஸ். 74-ஆம் தெருவில் நம் ஊர் நகைக்கடைகள், புடவைக்கடைகள், மளிகைக்கடைகள். பக்கத்துத் தெருவில் வங்காளதேசத்துக்காரர்களின் இனிப்பும் வெற்றிலையும். சுற்றிலும் நேபாளிகளும் திபெத்தியர்களும் மோமோ விற்கிறார்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவில் கொஞ்சம் நடந்தால் பலகைகள் எல்லாம் ஸ்பானிஷ் ஆகிவிடும். கொலம்பியா, ஈக்குவடார், மெக்சிகோ சாப்பாடு. அங்கே தலைக்கு மேல் ரயில் போகும்போது பேச்சே கேட்காது. நல்ல வழிகாட்டி அந்தச் சத்தத்தோடு போட்டி போட மாட்டார். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதை சொல்ல வேண்டிய இடம் வந்தால் பக்கத்துத் தெருவுக்குள் கூட்டிப்போய் நிறுத்துவார். அந்தத் தெருவில் அவர் எவ்வளவு பழகியவர் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அதே ரயிலில் கடைசி நிலையம் வரை போனால் ஃப்ளஷிங். மெயின் ஸ்ட்ரீட்டில் சீனக் கடைகளைப் பார்த்துவிட்டுப் பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து பவுன் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். அங்கே நிற்கிற ஒரு பழைய வீட்டின் கதை இது, டச்சுக்காரர்கள் இந்த ஊரை ஆண்ட காலத்தில் நடந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு ஆளுநர் ஸ்டைவசன்ட் தடை போட்டிருந்தார். 1657-இல் ஃப்ளஷிங் மக்கள் அதை எதிர்த்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் குவேக்கர்கள் இல்லை, அடுத்தவர் வழிபாட்டுக்காக வாதாடியவர்கள். பிறகு ஜான் பவுன் என்பவர் தன் வீட்டில் குவேக்கர்கள் கூட்டம் நடத்த இடம் கொடுத்ததற்காகக் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவர் ஹாலந்து வரை போய் வாதாடி ஜெயித்துத் திரும்பினார். அவருடைய வீடு இன்றும் அங்கே நிற்கிறது.

அவர் பெயரால் அமைந்த அதே தெருவில் தெற்கே அரை மணிக்குள் நடந்துவிடலாம், நம் பிள்ளையார் கோயில் வந்துவிடும். அழகப்பா அழகப்பன் என்ற தமிழர் முன்னின்று தொடங்கிய அமைப்பு கட்டியது, 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம். 2022-இல் அந்தத் தெருவுக்கு கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்ற பெயரையும் கூடுதலாக வைத்தார்கள். சுற்றுவட்டாரத்திலேயே குருத்வாராவும் யூத ஆலயமும் கொரியர்களின் தேவாலயங்களும் இருக்கின்றன. பவுன் வீட்டையும் இந்தக் கோபுரத்தையும் சேர்த்துச் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் கொடுக்கிற காசுக்கு அதுவே போதும். தனியாகப் போனால் இரண்டும் இரண்டு கட்டடங்களாகத்தான் தெரியும். கோயிலுக்குக் கீழே இருக்கிற கேண்டீனில் தோசை நன்றாக இருக்கும், சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த நகரத்தில் காசு வாங்கிச் சுற்றிக்காட்ட மாநகராட்சி உரிமம் வேண்டும், அது இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பில்லை. குழுவில் எத்தனை பேர், எந்தக் கடைகளில் நிற்பார்கள் என்றும் கேளுங்கள். கடைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். டிப்ஸ் கொடுப்பது இங்கே வழக்கம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு முடை என்றால் பிக் ஆப்பிள் க்ரீட்டர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1992 முதல் நகரவாசிகளே தன்னார்வலர்களாக வந்து தங்கள் பகுதியை இலவசமாகக் காட்டுகிறார்கள். சில வாரங்கள் முன்பே எழுதிப்போட வேண்டும்.

வில்லியம்ஸ்பர்க்குக்குப் போயே தீருவது என்றால் சனிக்கிழமை வேண்டாம். அது யூதர்களுடைய ஓய்வுநாள், அவர்களுடைய கடைகள் பூட்டியிருக்கும், படம் எடுப்பதும் அவர்களுக்குப் பிடிக்காது.

அம்மா அப்பாவால் அதிகம் நடக்க முடியாது என்றாலும் பஸ் டூர்தான் கதி என்றில்லை. மன்ஹாட்டனிலிருந்து ஸ்டேட்டன் ஐலண்ட் என்ற தீவுக்குப் போகும் ஃபெர்ரி படகு இலவசம், ஒரு வழிக்கு சுமார் 25 நிமிடம், சுதந்திரதேவி சிலையும் தெரியும். இறங்கி ஒரு டாக்ஸி பிடித்து விக்டரி புலவார்ட் பக்கம் போனால் இலங்கைக்காரர்களின் உணவகங்கள் உண்டு, கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு அடுத்த ஃபெர்ரியில் திரும்பலாம்.