அதே கூட்டம்தானா?

வணக்கம் ஐயா,

சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். விசைத்தறிக்காரர்கள் நாற்பது பேர் போல எங்கள் ஊர் டீக்கடையில் காலையில் கூடுவோம். கூலி உயர்வு, பாவு (தறியில் ஏற்றும் நீளவாக்கு நூல்) வரத்து எல்லாம் அங்கேதான் பேச்சு. ஆரம்பத்தில் இருந்தவர்களில் மூன்று பேர்தான் மிச்சம். பலர் தறியை எடைக்குப் போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். இன்னும் இது அதே கூட்டம்தானா? யார் யாரோடு பழகுகிறார்கள் என்பதை ஆராயும் சமூக வலைப்பின்னல் ஆய்வில் இதை எப்படிக் கணக்கிடுவார்கள்?

ஒரு வாசகர், சோமனூர்

அன்புள்ள நண்பருக்கு,

அதே கூட்டம்தான் என்பேன். முதல் நாள் ஆட்களையும் இன்றைய ஆட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் பாருங்கள். போன மாதம் 40 பேர், இந்த மாதம் 38 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 34 பேர் என்றால் மொத்தத் தலைகள் 44. அதில் 34 பொது, முக்காலுக்கு மேல். இப்படி மாதாமாதம் ஒத்துவந்தால் கூட்டம் தொடர்கிறது என்று கொள்வார்கள்.

இடைவெளியைத் தேர்வதில்தான் சூட்சுமம். வந்தவர்கள் பெயரை வாரக்கணக்கில் எழுதினால், மாரியம்மன் நோம்பிக்குத் தறி நிறுத்திய வாரம் கடையில் யாரும் இருக்க மாட்டார்கள். கூட்டம் கலைந்தது, மறுவாரம் புதிதாக ஒன்று பிறந்தது என்று கணக்கு சொல்லும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எழுதினால் இருக்கிற தொடர்ச்சியும் கண்ணில் படாது.

பல்லா, பாராபாசி, விச்செக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-ல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒரு வருட செல்போன் அழைப்புகளையும், சேர்ந்து கட்டுரை எழுதிய இயற்பியலாளர்களையும் ஆராய்ந்தார்கள். ஒரே ஆள் பல குழுக்களில் இருக்கலாம் என்பதற்கும் அவர்கள் முறையில் இடமுண்டு. நம் பக்கம் தறிக்காரரே கோயில் கமிட்டியிலும் ஏலச்சீட்டிலும் இருப்பாரல்லவா? சிறிய குழு ஆள் மாறாமல் இருந்தால் நீடிக்கிறது, பெரிய குழு ஆள் மாறிக்கொண்டே இருந்தால்தான் நீடிக்கிறது என்று கண்டார்கள். உங்களுடையது பெரிய கூட்டம். புதியவர்கள் வந்ததால்தான் அது பிழைத்திருக்கிறது.

பிளவைத்தான் கவனிக்க வேண்டும். சக்கரி என்பவர் 1977-ல் எழுதிய ஆய்வில், 34 பேர் கொண்ட கராத்தே சங்கம் ஒரு தகராறில் இரண்டாக உடைந்தது. வகுப்புக்கு வெளியே யார் யாரோடு பழகினார்கள் என்பதை வைத்தே, ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் எந்தப் பக்கம் போவார்கள் என்பது சரியாகக் கிடைத்தது. கூலிப் பேச்சில் இரு கருத்து வரும்போது, கடைக்கு வெளியே யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அந்த மூன்று பேரோடும் உட்கார்ந்து பழைய பெயர்களை நோட்டில் எழுதுங்கள், யாரை யார் கூட்டிவந்தார் என்பதோடு சேர்த்து. அவர்களைத் தவிர வேறு யாராலும் அதைச் சொல்ல முடியாது.