டிஸ்னியில் 33,000 டாலருக்கு பாயிண்ட் வாங்கிப் போடலாமா?

கேள்வி: சார், நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. ஆர்லாண்டோ டிஸ்னிக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டோம், பிள்ளைகளுக்கு அதுதான் உலகம். போன வாரம் டிஸ்னி வெகேஷன் கிளப்பில் 150 பாயிண்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பேசினார்கள். பல வருடத்துக்கான தங்கும் உரிமையை இப்போதே வாங்கிப்போடும் திட்டம் அது. வருடாவருடம் கிடைக்கும் பாயிண்டைக் கொடுத்து டிஸ்னி ரிசார்ட்டில் அறை எடுத்துக்கொள்ளலாமாம். விலை 33,000 டாலர். 3,000 முன்பணம் கட்டினால் மீதிக்கு 11 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை. பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 1,300 தனி. அறை வாடகை ஏறிக்கொண்டே போகிறது, இப்போதே வாங்கினால் லாபம் என்கிறார்கள். நண்பர்களோ அங்கே தரம் முன்பு மாதிரி இல்லை என்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தவணையில் வாங்குவதாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 30,000 கடனுக்கு மாதம் 413 டாலர் வரும். 120 மாதத்தில் 49,600. முன்பணம் 3,000, பராமரிப்புக் கட்டணம் ஒரு டாலர்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 13,000. ஆக, பத்து வருடத்தில் 65,000 டாலர் தாண்டிவிடுகிறது, இதில் விமான டிக்கெட்டும் இல்லை, பார்க் டிக்கெட்டும் இல்லை, பிள்ளைகள் கேட்கும் ஒரு ஐஸ்கிரீம்கூட இல்லை.

விற்பனைக்காரர் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். அறை வாடகை ஏற்றத்திலிருந்து பாயிண்ட் ஓரளவு காப்பாற்றும்தான். ஆனால் அவர்கள் கைவைப்பது அறையில் மட்டும் இல்லையே! 1999லிருந்து இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸை எடுத்துவிட்டு, 2021 அக்டோபரில் அதே வரிசை தாண்டும் வசதியைத் தலைக்கு ஒரு நாளுக்கு 15 டாலர் என்று விற்க ஆரம்பித்தார்கள். உங்கள் நாலு பேருக்கு ஐந்து நாளென்றால் 300 டாலர், அதுவும் ஆரம்ப விலையில். இப்போது அந்தக் கட்டணம் தேதிக்குத் தேதி மாறுகிறது. விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்கு விட்ட இலவச பஸ் 2022 ஜனவரியோடு நின்றுபோனது. அங்கிருக்கும் டிஸ்னி பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்கு ஒருநாள் டிக்கெட் 2025 கிறிஸ்துமஸ் சமயத்தில் 199 டாலர். இதில் எதற்குமே உங்கள் பாயிண்ட் உதவாது. இன்னொன்று, பாயிண்டில் தங்கினால் தினமும் அறையைச் சுத்தம் செய்ய ஆள் வராது. ஒரு வாரம் தங்கினால் நாலாம் நாள் குப்பையை எடுத்துத் துண்டு மாற்றிப் போவார்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்றால், 2022 நிதியாண்டில் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் தொழில் மட்டும் 4 பில்லியன் டாலர் நஷ்டம். கம்பெனிக்குக் கறவை மாடு பார்க்தான். 2024 நிதியாண்டில் பார்க், கப்பல், பொம்மை எல்லாம் சேர்ந்த பிரிவுதான் செயல்பாட்டு லாபத்தில் பாதிக்கு மேல் கொடுத்தது, 15.6 பில்லியனில் 9.3. மாடு கறக்கிறது என்று தெரிந்தால் யார் விடுவார்கள்? விலையேற்றத்தில் கொஞ்சம் அளவு மீறிவிட்டோம் என்கிற மாதிரி அப்போது டிஸ்னியின் தலைமை நிர்வாகியாக இருந்த பாப் ஐகரே 2023இல் பேசினார். (இத்தனைக்கும் பங்கு வைத்திருந்தவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில் 200 டாலரைத் தொட்ட பங்கு 2022 கடைசியில் 90க்குக் கீழே.)

என் கதை ஒன்று. சில வருடம் முன்பு வேறொரு பார்க் ரிசார்ட்டில் தங்கினோம், பெயர் எதற்கு. குளியலறைக் கதவு அடியில் தண்ணீரில் ஊறி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது, சாத்தவே முடியாது. புகார் சொன்னதும் ஒருவர் வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். கிளம்பும் நாள் வரை அதே கதவுதான். அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போய்விட்டேன். காசு முன்னாலேயே கட்டியிருந்தால் மறுபடி அங்கேதான் போயிருப்பேன், கூடவே அந்தக் கதவுக்குப் பராமரிப்புக் கட்டணமும் கட்டியிருப்பேன். ஆர்லாண்டோவிலேயே 2025 மே மாதம் போட்டிக் கம்பெனியான யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் பார்க் திறந்திருக்கிறது. பெரியவளுக்கு 12 வயதாகும்போது இளவரசியைவிட அதுதான் பிடிக்கும் என்றால் என்ன செய்வீர்கள்?

டிஸ்னி ரிசார்ட்டில்தான் தங்கவேண்டும் என்றால், ஏற்கெனவே பாயிண்ட் வைத்திருப்பவர்களிடம் அந்த வருடத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். ஹோட்டல் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வரும். ஆனால் பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பி வருவது கஷ்டம், தேதி உறுதியான பிறகு எடுங்கள். சொந்தமாகவே வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், மறுவிற்பனையில், ரொக்கமாக. அதிலும் ஒப்பந்தம் எந்த வருடத்தில் முடிகிறது என்று பாருங்கள். பழைய ரிசார்ட்டுகள் சிலவற்றில் 2042இல் முடிந்துவிடும், அதன்பின் கையில் ஒன்றும் மிஞ்சாது. மறுவிற்பனையில் வாங்கிய பாயிண்டுக்குச் சில புது ரிசார்ட்டுகளில் அறை கிடைக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பதறவேண்டாம். ஃப்ளோரிடா சட்டப்படி, கையெழுத்துப் போட்ட நாள், ஆவணங்கள் கைக்கு வந்த நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளுக்குள் ரத்து செய்யலாம். போனில் சொல்லாதீர்கள். எழுத்தில், ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரிக்கு, ரசீது கிடைக்கும்படி இன்றே அனுப்புங்கள்.