ஆர்க்டிக் கடலில் திமிங்கலங்கள் ஏன் மடிகின்றன? கேள்வி பதில்

இளங்கோ: 2019 முதல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையெங்கும் சாம்பல் திமிங்கலங்கள் செத்து ஒதுங்கியதாகப் படித்தேன். தொற்றுநோய்தான் காரணமா?

பதில்: இல்லை. 2018 டிசம்பர் முதல் 2023 நவம்பர் வரை மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை 690 திமிங்கலங்கள் ஒதுங்கியதாகப் பதிவாயிற்று. சிலவற்றில் கப்பல் மோதிய காயமும் ஓர்க்கா எனும் கொலைத் திமிங்கலம் கடித்த தடமும் இருந்தன என்றாலும், திரும்பத் திரும்பக் காணப்பட்டது மெலிவே. கரையில் கிடந்த உடலைக் காட்டிலும், வடக்கே அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடைப்பட்ட பேரிங், சுக்சி கடல்களின் அடிச்சேற்றில்தான் விடை இருந்தது என்பேன். அச்சேற்றில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்களைக் கோடையில் தின்று சேர்த்த கொழுப்பை நம்பியே இவை மெக்சிகோவுக்குப் போய்வருகின்றன. கடல்பனியின் அடிப்புறத்தில் வளரும் பாசி உதிர்ந்து கடல்தரையில் படிந்தால்தான் அச்சிற்றுயிர்களுக்கு உணவு. பனி குறையக் குறைய அந்த வரத்தும் குறைகிறது.

மீனாட்சி: பட்டினியால் இறந்தது என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்? வயிறு காலியாக இருந்தால் போதுமா?

பதில்: போதாது. வலசைக் காலத்தில் சாம்பல் திமிங்கலம் பெரும்பாலும் உண்ணாமலே பயணம் செய்வதால், வசந்தத்தில் கரை ஒதுங்கும் நல்ல திமிங்கலத்தின் வயிறும் காலியாகவே இருக்கக்கூடும். ஆகவே வேறு அடையாளங்களைத் தேடுகிறார்கள். தலைக்குப் பின்புறம் சதை வற்றிக் குழிவிழுந்திருக்கும். தோலடிக் கொழுப்பை வெட்டினால் எண்ணெய் கசியாமல் நார்நாராக நிற்கும். இதயத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து கூழாகியிருக்கும். கொழுப்பின் தடிமனை மட்டும் அளந்து முடிவுக்கு வருவது தவறு, ஏனெனில் எண்ணெய் வற்றிய பிறகும் தடிமன் ஓரளவு அப்படியே இருக்கலாம். ஆய்வாளர்களுக்குப் பெரிய இடைஞ்சல் காலந்தான்: அதே கொழுப்பு உடற்சூட்டை வெளியே விடாததால், பனிக்கரையில் கிடந்தாலும் உள்ளுறுப்புகள் விரைவில் அழுகிவிடுகின்றன.

ஜோசப்: எண்ணெய் தேடும்போது எழும் வெடியோசை கொல்லுமா?

பதில்: அவ்வோசை நார்வால்களின் (நீண்ட கொம்பு போன்ற பல்லுள்ள ஆர்க்டிக் திமிங்கலங்களின்) நடத்தையை மாற்றுகிறது என்று கிழக்குக் கிரீன்லாந்தில் கண்டறிந்திருக்கிறார்கள். அதை மரணத்துக்குக் காரணமாகக் காட்டுவதற்கு அழுகாத உட்செவி வேண்டும்; அது அரிதாகவே கிடைக்கிறது.

ரம்யா: வில்தலைத் திமிங்கலங்களும் பட்டினியால்தான் சாகின்றனவா?

பதில்: அவற்றின் கதை வேறு. 2009 முதல் 2018 வரை சுக்சி கடலிலும் அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள பியூபோர்ட் கடலிலும் விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்தபோது, காணப்பட்ட சடலங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓர்க்காக்களின் வேட்டைக்குப் பலியானவையாகத் தெரிந்தன. கிழிந்த தாடையும், நாக்கு இல்லாத வாயும் அதற்கு முக்கிய அடையாளங்கள். பனிக்கரடிகள் பின்னர் கடித்த இடங்களைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் இந்த முடிவை எச்சரிக்கையோடுதான் சொல்கிறார்கள். அலாஸ்காவின் உட்கியாக்விக் ஊரைச் சேர்ந்த இனுபியாட் பழங்குடி வேட்டைக்காரர்கள் தாங்கள் பிடிக்கும் திமிங்கலங்களைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நலமான உடல் உள்ளே எப்படியிருக்கும் என்ற அந்த அறிவு இல்லாவிட்டால், இறந்த உடலில் எது கோளாறு என்றே சொல்ல முடியாது.

இளங்கோ: சாம்பல் திமிங்கலங்கள் இப்போது மீண்டுவிட்டனவா?

பதில்: 2016-இல் ஏறத்தாழ 27,000 ஆக இருந்தவை, 2025 கணிப்பில் சுமார் 13,000 ஆகக் குறைந்துள்ளன; கன்றுகளும் மிகக் குறைவாகவே பிறக்கின்றன. 1999–2000 பேரிழப்புக்குப் பின் அவை தேறியதுபோல இம்முறையும் தேறும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.